லாசா: செவிலியர்களின் நாட்குறிப்பு

1923 முதல் 1968 வரை

நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில், யெட்செராம் ஆற்றுப் படுகையில் இருக்கும் சிற்றூர் லாசா. மார்கி இன மக்களின் ஊர். சோளமும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி பூமி. அமெரிக்காவின் சர்ச் ஆஃப் த பிரெத்ரன் சபையார் 1923இல் கார்கிடா என்ற ஊரில் முதல் நிலையத்தை அமைத்தார்கள். அதற்குப் பிறகுதான் லாசாவுக்கு வந்தார்கள். இவ்வளவு உள்ளே போய் அவர்கள் குடியேறியதற்கு ஒரு காரணம் ஆட்சியாளர்களின் கணக்கு. வடக்கின் முஸ்லிம் அமீர்களின் மத விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று பிரிட்டிஷ் ஆட்சி வாக்குக் கொடுத்திருந்தது. அதனால் பெரிய நகரங்களின் வாசல் மிஷன்களுக்கு எளிதில் திறக்கவில்லை. மலையோரங்களும் எல்லைப்புறக் கிராமங்களும்தான் கிடைத்தன. சாலை முடிந்த இடத்தில் மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கியது.

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்கு வரும் செவிலியரின் முதல் வேலை மொழி கற்பது. ஹௌசாவும், கூடவே ஊர்ப் பேச்சும் வராமல் வார்டில் கால் வைக்க முடியாது. ஊதியம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சொந்த நாட்டுச் சபைகள் அனுப்பும் படிதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் நீண்ட விடுப்பும் முழு ஓய்வு அல்ல. தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பேசி, ஆதரவு திரட்டித் திரும்ப வேண்டும்.

வேலை விடியுமுன் தொடங்கும். வெளிநோயாளிகள் இரவே வந்து வராந்தாவில் படுத்திருப்பார்கள். காலை ஜெபம் முடிந்துதான் மருந்து வழங்கப்படும். நோயைக் காட்டி மதம் பரப்புகிறார்கள் என்ற விமர்சனம் இந்த இடத்தில்தான் எழுந்தது. அதை அடியோடு தள்ளிவிட முடியாது. மலேரியா மாத்திரைக்கு வந்தவர் ஞானப்பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் பல கல் தொலைவுக்கு வேறு மருந்து கிடைக்கும் இடம் இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

மருத்துவர் ஒருவர் இருந்தால் பெரிது. பிரசவ வார்டு முழுக்கச் செவிலியர் பொறுப்பு. கண்ணாடி ஊசிக் குழல்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, ரப்பர் கையுறைகளைக் கழுவி, காயவைத்து, பவுடர் தூவி மறுபடியும் அணிவது, கட்டுப்போடும் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அவர் கையில். நோயாளியின் உறவினர்கள் வெளியே அடுப்புக் கூட்டிச் சமைப்பார்கள். இரவில் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரிப்பார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வீசும். மூக்கும் உதடும் வெடிக்கும். வார்டுக்குள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசு படியும். மூளைக்காய்ச்சலும் தட்டம்மையும் பெருகும் பருவமும் அதுதான்.

1969 ஜனவரி, இரண்டாம் வாரம், லாசா

லாரா வைன் என்ற 69 வயது அமெரிக்கச் செவிலியருக்கு முதுகு வலி. மற்றவர்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் வயதில் நைஜீரியாவுக்கு வந்தவர் அவர். முதுகு வலியை இந்த வேலையில் யாரும் நோயாக எண்ணுவதில்லை. சில நாளில் தொண்டை வலித்தது. உள்ளே புண்கள் தெரிந்தன. பென்சிலின் போட்டும் பலன் இல்லை. மலேரியா, டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று என்று வழக்கமான பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. அங்கே எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் மலேரியா என்று பெயர் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை யோசிப்பார்கள்.

ஜனவரி 25, ஜோஸ்

முகமும் கழுத்தும் வீங்கி, பேச்சு குழறத் தொடங்கிய வைனைச் சிறு விமானத்தில் ஜோஸ் பீடபூமிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சூடான் இன்டீரியர் மிஷன் நடத்திய பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அன்று பணியில் இருந்தவர் சார்லட் ஷா, 45 வயது. நோயாளியின் வாய்க்குள் சளியும் சுரப்பும் கட்டியிருந்தன. ஷா தம் விரலில் காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே துடைத்து எடுத்தார். எந்தச் செவிலியரும் செய்யும் காரியம். அந்த விரலில் ரோஜா முள் கிழித்த சிறு காயம் ஒன்று இருந்தது. பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கையைக் கழுவி மருந்து தடவிக்கொண்டார்.

ஜனவரி 26

வைன் இறந்தார்.

பிப்ரவரி 3 முதல் 13 வரை

ஷாவுக்குக் குளிர், தலைவலி, முதுகிலும் காலிலும் வலி. வைனின் நோய் நடந்த வழியிலேயே இதுவும் நடந்தது: தொண்டைப் புண், தோலில் தடிப்பு, வீக்கம், ரத்தக் கசிவு. நோய் கண்ட பதினோராம் நாள், பிப்ரவரி 13 அன்று, அவரும் இறந்தார். இந்த முறை ஆஸ்பத்திரி மருத்துவர் ஜெனட் ட்ரூப் சும்மா விடவில்லை. பிரேதப் பரிசோதனை செய்தார். உடன் நின்று உதவியவர் தலைமைச் செவிலியர் லில்லி பினியோ, நண்பர்களுக்குப் பென்னி. 52 வயது. ஷாவுக்குப் பணிவிடை செய்தவரும் அவரே. ரத்தமும் திசு மாதிரிகளும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். பின்னால் நடந்த எல்லா ஆய்வுக்கும் வேர் இந்தக் குளிர்பெட்டி மாதிரிகள்தான்.

பிப்ரவரி 20 முதல் மே வரை

ஒரு வாரத்தில் பினியோவுக்குக் காய்ச்சல். இரண்டு மரணங்களைப் பார்த்த ஆஸ்பத்திரி மூன்றாவதற்குக் காத்திருக்கவில்லை. முதலில் லாகோஸ் கொண்டுபோய்த் தனிமையில் வைத்தார்கள். நாட்டின் தென்கிழக்கில் பியாஃப்ரா போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மார்ச் முதல் வாரம் பான் ஆம் பயணிகள் விமானத்தின் முதல் வகுப்பில் திரை கட்டி, அதற்குள் படுக்கவைத்து நியூயார்க் அனுப்பினார்கள். திரைக்கு அப்பால் சாதாரணப் பயணிகள். இன்றைய விதிகளின்படி நினைத்துப்பார்க்கவே முடியாத ஏற்பாடு.

நியூயார்க்கில் ஜான் ஃப்ரேம் என்ற மருத்துவர் இருந்தார். மிஷன் ஊழியர்களுக்கு வரும் பெயர் தெரியாத காய்ச்சல்களின் ரத்த மாதிரிகளைச் சேகரிப்பது அவர் சில காலமாகச் செய்துவந்த வேலை. கொலம்பியா பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் பினியோ சேர்க்கப்பட்டதும் மாதிரிகள் யேல் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வகத்துக்குப் போயின. ஜோர்டி காசல்ஸும் சோன்யா பக்லியும் அவற்றிலிருந்து இதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். முதல் நோயாளி வாழ்ந்த கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பினியோ பல வாரம் போராடிப் பிழைத்தார்.

ஜூன், யேல்

காசல்ஸுக்கே காய்ச்சல் வந்தது. உயிர் போகும் நிலை. பிழைத்துவந்த பினியோவின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும் என்று கணித்து, அவரிடமிருந்து பிளாஸ்மா எடுத்துச் செலுத்தினார்கள். காசல்ஸ் தேறினார். பிளாஸ்மாவால்தான் தேறினார் என்று அறுதியிட ஒரே ஒருவரின் கதை போதாது. ஆனாலும் அந்த நேரத்தில் கையில் இருந்த ஒரே மருந்து ஒரு செவிலியரின் ரத்தம். அந்த ஆண்டின் இறுதியில், லாசா வைரஸை நேரடியாகக் கையாளாத யேல் ஆய்வகப் பணியாளர் ஒருவர் அதே நோயால் இறந்தார். உயிருள்ள வைரஸோடு அங்கே நடந்த வேலை நின்றது.

1970 ஜனவரி, பிப்ரவரி, மீண்டும் ஜோஸ்

அடுத்த ஹார்மட்டான் பருவம். இந்த முறை நோய் செவிலியர்களோடு நிற்கவில்லை. வார்டில் படுத்திருந்த நைஜீரிய நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று பரவியது. ஒரு பிரேதப் பரிசோதனையின்போது ட்ரூப்பின் கையில் கத்தி பட்டது. பிப்ரவரி 18 அன்று அவர் இறந்தார். பினியோ எதிர்ப்பொருளைத் தம் உடம்பிலேயே சுமந்துகொண்டு ஜோஸுக்குத் திரும்பி வந்தார். ட்ரூப்புக்கு அது உதவ நேரமில்லாமல் போயிற்று. தப்பிப் பிழைத்த ஊருக்கே, அதே வேலைக்கு, அவர் திரும்பியதை எந்த மிஷன் அறிக்கையின் புகழ்ச்சியும் இல்லாமலே மதிக்கலாம்.

அந்த ஆண்டு ஃப்ரேமும் சக ஆய்வாளர்களும் இந்தப் புதிய நோயைப் பற்றிய முதல் மருத்துவக் கட்டுரையை வெளியிட்டார்கள். ஆசிரியர் வரிசையில் ட்ரூப்பின் பெயர் இருக்கிறது. மூன்று செவிலியரும் அதில் நோயாளிகள். மாதிரி எடுக்க உதவிய பினியோவும் அவர்களில் ஒருவர்தான். லாசாவில் வைனுக்குத் தொற்றைக் கொடுத்த நோயாளி யார் என்பதற்கோ பதிவே கிடையாது. பழைய காய்ச்சல்களில் பிழைத்த மிஷன் ஊழியர்களின் ரத்தத்தைப் பின்னர் சோதித்தபோது சிலரிடம் லாசா எதிர்ப்பொருள் இருந்தது. நோய் 1969இல் பிறந்துவிடவில்லை. கிராமத்தார் அதற்கு முன்பும் அதில் செத்திருப்பார்கள்; விமானத்தில் ஏற்றி அனுப்ப ஆள் இல்லாததால் யாரும் பெயர் வைக்கவில்லை.

1972, லைபீரியாவும் சியரா லியோனும்

லைபீரியாவின் ஸோர்ஸோர் ஊரில் லுத்தரன் மிஷன் ஆஸ்பத்திரி. எஸ்தர் பேக்கன் 1941இல் அங்கு வந்தவர். காட்டுப் பாதைகளில் கிராமம் கிராமமாக நடந்து, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்ற நம்பிக்கையைப் பெண்களிடம் வளர்த்தவர். 1972இல் பிரசவ வார்டில் ரத்தப்போக்கோடு சேர்ந்த ஒரு கர்ப்பிணியிடமிருந்து தொற்று கிளம்பியது. ஏப்ரலில் பேக்கன் இறந்தார். நோய் பிரசவ வார்டில் வெடித்ததில் தற்செயல் இல்லை. லாசா வைரஸ் நிறைமாதக் கர்ப்பிணிகளைத்தான் மிகக் கொடூரமாகத் தாக்கும். தாய் பிழைத்தாலும் பெரும்பாலும் சிசு தங்காது. ரத்தமும் பனிக்குட நீரும் முழங்கை வரை படும் வேலை, கழுவிக் கழுவித் தேய்ந்த கையுறை. வைரஸுக்கு வேறு வழி தேடவேண்டிய அவசியமே இல்லை.

அதே ஆண்டு சியரா லியோனில் எலிகளைப் பிடித்துச் சோதித்த ஆய்வாளர்கள் வைரஸின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார்கள். மாஸ்டோமிஸ் நேட்டலென்சிஸ் என்ற எலி. வீட்டுச் சுவரோரமும் தானியக் குதிரும் அதன் வாழிடம். எலிக்கு நோய் தெரியாது. மூத்திரத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்கும். அறுவடைத் தானியம் வீட்டுக்குள் வரும் வறண்ட மாதங்களில் எலியும் கூடவே வரும். ஜனவரியில் வைனுக்கும், அடுத்த ஜனவரியில் ஜோஸுக்கும் நோய் வந்த காலக்கணக்கு இதோடு பொருந்துகிறது.

1986க்குப் பின்

ரிபாவிரின் மருந்தை நோய் தொடங்கி ஆறு நாளுக்குள் கொடுத்தால் பலன் அதிகம் என்று 1986இல் வெளியான சியரா லியோன் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வின் வலுவைப் பற்றி இன்று கேள்விகள் உண்டு; மருந்து மட்டும் பயன்பாட்டில் தொடர்கிறது. தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் வருவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றியவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் நான்கில் ஒருவருக்குக் காது மந்தமாகிறது.

இதற்கிடையே மிஷன் செவிலியர் என்றால் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பெண் என்ற நிலை மாறிவிட்டது. வார்டுகளை நடத்துவது அந்தந்த நாட்டுச் செவிலியர்கள். மிஷன்களின் பெயர் சொல்லத்தக்க சாதனை அவர்கள் கட்டிய கட்டடங்களில் இல்லை. அவர்கள் தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளில்தான் இருக்கிறது.

2014 ஜூலை, கெனிமா, சியரா லியோன்

கெனிமா அரசு ஆஸ்பத்திரியின் லாசா வார்டில் தலைமைச் செவிலியர் எம்பாலு ஃபோனி. ஒருகாலத்தில் லாசா காய்ச்சல் கண்டு பிழைத்தவர். பல ஆண்டுகள் அந்த வார்டைக் கட்டிக்காத்தவர். எபோலா வந்தபோது அதை எதிர்கொள்ள நாட்டில் ஓரளவு தயாராக இருந்த இடம் அதுதான். நோயுற்ற, கர்ப்பிணியான சக செவிலியர் ஒருவரைக் கவனித்தபோது ஃபோனிக்குத் தொற்றியது. அந்த மாதமே இறந்தார். அடுத்த மாதம் 'சயின்ஸ்' இதழில் வந்த எபோலா மரபணு ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அந்த வரிசையில் ஐந்து பேர் அச்சேறுமுன் எபோலாவுக்குப் பலியாகியிருந்தார்கள்.

இப்போது

லாசா காய்ச்சலுக்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. செவிலியரைக் காப்பதற்கு வேண்டியவை என்னவென்று ஜோஸும் ஸோர்ஸோரும் முடிந்தபோதே தெரிந்துவிட்டது: புதிய கையுறை, ஓடும் தண்ணீரும் சோப்பும், குளோரின் கரைசல், காய்ச்சல்காரரைத் தனியே படுக்கவைக்க ஓர் அறை. அறிவியல் கண்டுபிடிக்கவேண்டியது இவற்றில் எதுவுமே இல்லை. கொள்முதல் செய்து, லாரியில் ஏற்றி, கடைசி ஆஸ்பத்திரி வரை அனுப்பவேண்டியவை மட்டுமே. வறண்ட மாதங்கள் தோறும் நைஜீரியாவில் நோய் திரும்புகிறது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிடும் லாசா நிலவர அறிக்கைகளில், புதிதாகத் தொற்றுக்கு ஆளான மருத்துவப் பணியாளர்களின் எண்ணிக்கைக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.