யானையைக் கண்டதும் நின்ற அழுகை

பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். நடுவில் நான்கு பையன்கள் ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக் குனிந்து நின்றார்கள். முன்னால் இருந்தவனின் வலக்கை தொங்கி ஆடியது. அதுதான் யானை.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பு. தமிழ் டீச்சர் எடுத்துக்கொண்டது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் பார்க்கிறான். புலவர் கோவூர் கிழார் குறுக்கே வந்து பேசுகிறார். மலையமான் ஆண்டது இந்தத் தென்பெண்ணைக் கரையைத்தான். "நம்ம ஊர்ப் பசங்கதான்டா" என்றே டீச்சர் கதையை ஆரம்பித்தாராம். என் காலத்தில் செய்யுள் என்றால் அடி பிறழாமல் ஒப்பிப்பது. பிறழ்ந்தால் வேறு அடி விழும்.

துணைக்கு ஒரு கூத்து வாத்தியார் வந்திருந்தார். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் சோழன் சலங்கைக் காலைத் தட்டினான். "அவசரப்படாத கண்ணு, அவங்க உன்னத் தேடட்டும்" என்றார் வாத்தியார். அத்தோடு விட்டிருக்கலாம். யானைக்கும் ஒரு சுழற்சி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். பார்க்க அழகுதான், பாட்டுக்கு ஒட்டவில்லை. கோவூர் கிழாரோ சினிமா வசனம்போல முழங்கினான். புறாவின் துயரைத் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்று அவன் அரசனுக்கு நினைவூட்டியபோது, "கெஞ்ச வந்தவரு எதுக்கு டீச்சர் புகழறாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "காரியம் ஆவணும்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மலையமான் பிள்ளைகளாக ஒரு பையனும் ஒரு பெண்ணும். யானை வந்ததும் இன்னும் ஓங்கி அழுதார்கள். வகுப்பு சிரித்தது. டீச்சர் நிறுத்தினார். பாட்டில் அப்படியில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். பிறகு சுற்றியிருக்கும் சபையைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள்.

"யானையப் பாத்தா அழுக ஏன் டீச்சர் நிக்கும்?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. "மறுபடி வா. யானைய மட்டும் பாரு."

இம்முறை துதிக்கை மேலே போனது, கீழே வந்தது. பையனின் கண்ணும் கூடவே போய் வந்தது. வாய் திறந்தபடி இருந்தது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். அப்புறம் தற்செயலாகத் திரும்பினான். சுற்றிலும் நாற்பது முகங்கள், எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டு. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

முடிவை அரசனிடமே விட்டுவிடுவதோடு பாட்டு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பிழைத்ததைப் பாட்டுக்கு அடியில் உள்ள பழைய குறிப்புதான் சொல்கிறது. டீச்சர் அதைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டார்.

"நீதான ராஜா? சொல்லு."

சோழன் திருதிருவென்று விழித்தான். மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

"சீக்கிரம் சொல்லுடா, இடுப்பு வலிக்குது" என்றன யானையின் பின்னங்கால்கள்.