கேட் அடைத்த இரவு

குடும்பமாய் வேனில் புறப்படும் நாளில், உங்கள் வீட்டிலும் கோபம் முதலில் ஏறி அமர்ந்துகொள்வதுண்டா?

கடலையே கண்டிராத என் தாயாருக்குக் கோழிக்கோட்டுக் கடலைக் காட்டவேண்டுமென்று, சென்ற டிசம்பரில் சாமராஜநகரிலிருந்து கிளம்பினோம். மனைவி புளிச்சோறு கட்டி முடிக்க ஒரு மணி நேரம் தாமதம். குண்டலுப்பேட்டையைக் கடந்து, பந்திப்பூர்க் காட்டின் சோதனைச்சாவடியை அடைந்தபோது இரவு 9.10. கேட் அடைத்தாயிற்று. 2009-இல் வந்த தடை அது. இரவு 9 முதல் காலை 6 வரை ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டுமே வழி. இருளில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டதே காரணம். இதை நான் அறியாதவனல்லன். ஆயினும் பிள்ளைகள் முன்னிலையில் மனைவியைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. அம்மாவின் முழங்காலுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, பின்னிருக்கையில் விழித்தே இருந்தாள்.

காலையில் வழி திறந்தது. சிறிது தூரத்தில் யானைக் கூட்டமொன்று சாலையைக் கடந்தது. நடுவே ஒரு குட்டி. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார்.

"ராத்திரியில இதுங்க நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமாடா?" என்றார்கள் அம்மா.

நான் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

கோழிக்கோட்டில் அம்மா அலையில் கால் நனைத்து, நெடுநேரம் பேசாமல் நின்றார்கள். அருகிலுள்ள கடலுண்டியில் ஆறு கடலோடு கலக்கிறது. நீர் வற்றிய சேற்றுத்திட்டுகளில் ஆலாக்களும் கடற்காகங்களும் உள்ளான்களும் இரைதேடின. பிள்ளைகள் எண்ண முயன்று தோற்றார்கள். அங்கேதான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"முதல்ல புளிச்சோறு சாப்பிடுங்க" என்றாள்.

திரும்புகையில் மாலை 6 மணிக்கே காட்டைக் கடந்துவிட்டோம். அவசரப்படுத்தியவள் அவள்தான்.