படிக்கட்டுக்குக் கீழே பதினேழு வருஷம்

கல்யாணத்தன்று இரவே வீட்டை விட்டுப் போன ஒருவன், பல வருஷம் கழித்துப் பிச்சைக்காரனாகத் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெற்ற அப்பாவே, பாவம் யாரோ பரதேசி என்று மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறார். அங்கேயே பதினேழு வருஷம் கிடக்கிறான். மேலே அப்பா, அம்மா, மனைவி மூன்று பேரும் அவனை நினைத்து அழுகிறார்கள். அவன் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறான், வாயைத் திறக்கவில்லை. செத்த பிறகு, கையில் இருந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் அவன் யாரென்று தெரிகிறது. திருச்சபை அவனைப் புனித அலெக்சியார் என்கிறது.

இந்தக் கதையை 1632-ல் ரோம் நகரத்தில், பார்பெரினி குடும்பத்தின் மாளிகையில் ஓபராவாகப் போட்டார்கள். பெயர் 'சான்ட் அலெஸ்ஸியோ'. இசை ஸ்டெஃபனோ லாந்தி. பாடல்களையும் வசனத்தையும் எழுதியவர் ஜூலியோ ரோஸ்பிலியோசி. ஓபரா என்ற வடிவமே அப்போது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை. இன்றைக்கு முழு இசையும் கையில் கிடைக்கும் ஓபராக்களில் பழையது 1600-ஐச் சேர்ந்தது. அந்த ஆரம்ப வருஷங்களில் மேடை ஏறியவை பெரும்பாலும் கிரேக்கப் புராணக் கதைகள். கடவுளர்களையும் வனதேவதைகளையும் விட்டுவிட்டு, ஒரு வீட்டுக்குள் நடக்கிற மனுஷக் கதையைப் பாடிய முதல் ஓபராக்களில் லாந்தியுடையதும் ஒன்று. சிரிப்புக்கு இரண்டு வேலைக்காரப் பையன்கள் உண்டு. சாத்தான் உண்டு. அவன் ஒரு காட்சியில் கரடியாகக்கூட மாறுகிறான். அப்போதைய திருத்தந்தை எட்டாம் உர்பானும் பார்பெரினி குடும்பத்தவர்தான். மறு வருஷம் கலிலியோவை விசாரணைக்கு நிறுத்தியது அவர் ஆட்சியில்தான்.

ரொம்பக் காலம் இந்த ஓபராவின் பெயர் இசை வரலாற்றுப் புத்தகங்களுக்கு வெளியே அதிகம் தெரியாது. 2007 அக்டோபரில், பிரான்சின் கான் நகர அரங்கில் வில்லியம் கிறிஸ்டியின் 'லெ சார் ஃப்ளோரிசான்' குழு இதை மேடையேற்றியது. இயக்கம் பெஞ்சமின் லசார். அந்த நிகழ்ச்சியைப் படம் பிடித்து டிவிடியாகவும் வெளியிட்டார்கள். நான் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

மேடை முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம். அந்த மஞ்சளில் முகங்கள் பாதி தெரிகின்றன, பாதி தெரியவில்லை. நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதில்லை. சபையை நேராகப் பார்த்து நின்று, கையை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி, விரலை ஒரு குறிப்பிட்ட விதமாக மடக்கிப் பாடுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் மேடை முறையைத் தேடி எடுத்துச் செய்ததாம். வெள்ளைக்காரப் பார்வையாளருக்கு இது விநோதமாக இருந்திருக்கலாம். கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஒரு விநோதமும் இல்லை. நம்ம ராஜாவும் மந்திரியைப் பார்த்தா பாடுகிறார்? சனத்தைப் பார்த்துத்தானே.

இன்னொன்றும் நமக்குப் பழக்கமானதுதான். இந்த மேடையில் பெண்களே கிடையாது. மனைவி, அம்மா, தாதி எல்லாருமே ஆண்கள். திருத்தந்தையின் ரோமில் பெண்கள் மேடை ஏறத் தடை இருந்தது. 2007-ல் அதே மாதிரி, உச்சக் குரலில் பாடும் ஆண்களைக் கொண்டே செய்தார்கள். அலெஸ்ஸியோவாக ஃபிலிப் ஜாருஸ்கி, மனைவியாக மாக்ஸ் எமானுவேல் சென்சிச். இவர்கள் பயிற்சியால் அந்தக் குரலை எட்டுகிறவர்கள். 1632-ல் பாடியவர்களின் கதை வேறு. பையனாக இருக்கும்போதே காயடித்து, குரல் உடையாமல் நிறுத்தப்பட்ட பாடகர்கள் அவர்கள்.

இங்கே தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1918-ல் அவர் மதுரையில் சிறுவர்களை வைத்து பால சபா ஆரம்பித்தார். பையன்களே ராஜா, பையன்களே ராணி. அந்த சபாவில் ஆறு வயதில் சேர்ந்த ஒரு பையன்தான் பின்னால் அவ்வையாராக நடித்து 'அவ்வை' சண்முகம் ஆனார். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்குப் பெரிய பயம் மகரக்கட்டு. தொண்டை உடைந்தால் ஸ்திரீபார்ட் போச்சு, சிலருக்குப் பிழைப்பே போச்சு. நம் ஊரில் உடைந்த குரலோடு பையன் வீட்டுக்குப் போனான். ரோமில் குரல் உடையாமல் இருக்க உடம்பை வெட்டினார்கள். துறவியின் கதையைப் பாடியவர்களுக்குத் துறவு யாரோ சின்ன வயதிலேயே செய்துவைத்தது. மெழுகுவத்தி அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதுவும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்தப் படத்தை ஒருமுறை பெரியம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். டிவியில் போட்டுவிட்டு, கதையை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"அவன் பொண்டாட்டியா நிக்கது ஆம்பளையால?"

"ஆமா பெரியம்மா. அந்தக் காலத்துல அங்க பொம்பளைங்க மேடை ஏறக்கூடாது."

"கொரலு பொம்பளக் கொரலால்லா இருக்கு. நல்லாத்தான் அழுதான்."

பெரியம்மாவுக்கு இந்தக் கதை வெறும் கதையில்லை. பெரியப்பா தோணியில் தண்டலாக இருந்து, பிறகு பம்பாய் போய்க் கப்பலேறினவர். முதல் மூன்று வருஷம் கடுதாசியும் மணியார்டரும் வந்தன. அப்புறம் நின்றுவிட்டது. கப்பல் ஒன்றும் முங்கவில்லை. யாராவது ஊருக்கு வரும்போது, "அண்ணாச்சிய அங்க பாத்தேன்" என்பார்கள். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் கழித்துச் சாவுச் செய்தி வந்தது. அதுவரை பெரியம்மா தாலியைக் கழற்றவும் இல்லை, கல்யாண வீட்டில் முன்னால் போய் நிற்கவும் இல்லை. செத்துப்போனவனுக்கு ஊர் அழும். ஓடிப்போனவனை ஊர் ஏசும். இரண்டும் தெரியாதவனுக்கு என்ன செய்வது? கடற்கரை ஊர் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பெண்ணாவது இருப்பாள்.

மூன்றாம் அங்கத்தில் அலெஸ்ஸியோ இறந்துபோகிறான். கடிதம் வாசிக்கப்படுகிறது. அப்பா, அம்மா, மனைவி மூவரும் உடல் முன்னால் நின்று பாடுகிறார்கள். எனக்கு முதுகில் சிலிர்த்தது. பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச பயதான? அந்தக் கடுதாசிய முந்தியே ஒரு வரி எழுதிக் குடுத்துருக்கலாம்லா. ஒரே வீட்டுலல்லா கெடந்துருக்கான்."

பிறகு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வானதூதர்கள் பாடிய கடைசிக் கோரஸைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் ஓபராவைத் திரும்பப் பார்த்தேன். இரண்டாம் அங்கத்தில் ஒரு காட்சி. காத்திருந்து அலுத்த மனைவி, இனி நானே போய்த் தேடுகிறேன் என்று கிளம்புகிறாள். மாமியாரும் கூட வருகிறேன் என்கிறாள். படிக்குக் கீழே இருப்பவன் குலுங்கிப்போகிறான். போகாதீர்கள் என்று பரதேசியின் குரலில் தடுத்துப் பார்க்கிறான். ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. தனியாக நின்று, சொல்லிவிடலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். அப்போது முனிவர் வேஷத்தில் சாத்தான் வருகிறான். உன் மனைவி படும் பாட்டைப் பார், நீ யாரென்று சொல்லிவிடு என்கிறான். உடனே வானதூதர் வந்து, கேட்காதே, உனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று காப்பாற்றுகிறார்.

கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஞாயமாகத் தோன்றியிருக்கக்கூடிய ஒரே வார்த்தையைக் கதை சாத்தான் வாயில் வைக்கிறது. பெரியம்மா கேட்டதையேதான் சாத்தானும் கேட்கிறான்.

எழுதியவருக்கு இது உறுத்தியிருக்குமா? எனக்கு உறுத்தியிருக்கும் என்றுதான் படுகிறது. இல்லையென்றால் மனைவிக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருக்க மாட்டார். மேடையில் அவள் துக்கம் புனிதனின் பக்திக்குச் சமமாக நிற்கிறது. படமாகப் பார்க்கும்போது அது இன்னும் கூடுகிறது. அரங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்குத் தெரியாத சென்சிச்சின் கண்ணைக் கேமரா பக்கத்தில் போய்க் காட்டுகிறது. ஆனால் பாத்திரங்களின் பட்டியலைப் பாருங்கள். அப்பாவுக்குப் பெயர் உண்டு, யூஃபெமியானோ. கிண்டல் பண்ணும் வேலைக்காரப் பையன்களுக்கும் பெயர் உண்டு, மார்ஸியோ, குர்ஸியோ. அம்மா வெறும் 'அம்மா'. மனைவி வெறும் 'மணப்பெண்'.

துறந்து போகிறவர்களின் கதை நமக்கும் புதிதில்லை. சித்தார்த்தனில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லலாம். பட்டினத்தார் எல்லாவற்றையும் விட்டவர், ஆனாலும் அம்மாவுக்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார் என்று கதை சொல்கிறது. மனைவிக்காக வந்ததாக யாரும் சொல்லவில்லை. அலெஸ்ஸியோ ரோமில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வீட்டை விட்டு வந்து, காவி கட்டித் தமிழ்நாட்டில் சந்நியாசியாக வாழ்ந்துகொண்டிருந்தார். தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி. மதுரைக்குப் போகும் முன் அவர் தமிழ் படிக்கத் தொடங்கியது இந்த முத்துக்குளித்துறைக் கரையில்தான்.

இந்தக் கரைக்குத் துறவைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. முத்துக் குளிக்கிறவன் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். மூச்சு ஒரு நிமிஷம் போலத் தாங்கும். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் இழுத்து ஏற்ற வேண்டும். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள், மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. பொண்டாட்டியின் கூடப்பிறந்தவன், தன் அக்கா தங்கச்சி தாலி அறுக்க விடமாட்டான். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ல். கயிறு போனது, பேச்சு போகவில்லை. எவ்வளவு ஆழம் போனாலும் உன் மறுமுனை ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கிறது என்பது அந்தப் பேச்சின் அர்த்தம். அலெஸ்ஸியோ அந்தக் கயிற்றை அறுத்தவன். அதற்காகத்தான் அவன் புனிதன். அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பவளுக்கு என்ன பட்டம் என்று கேட்கத்தான் இந்தப் படம் எனக்குச் சொல்லித் தந்தது.

பழைய கொற்கை இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளி, வயலும் குளமுமாகக் கிடக்கிறது. தாமிரபரணி வண்டல் போட்டு மூடிவிட்டது. சிலப்பதிகாரத்தில் கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன், கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்ததாக வருகிறது. கொடூரம்தான். ஆனால் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு அரசே பதில் சொல்ல வேண்டியிருந்தது என்ற பயம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. பார்பெரினி மாளிகையில் அப்படி ஒரு பயம் இல்லை.

ரோஸ்பிலியோசி 1667-ல் திருத்தந்தையானார், ஒன்பதாம் கிளமெண்ட் என்ற பெயரில். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். அவர் கல்லறை ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்து, மாதா இடம் காட்டிய கோயில் என்று ஐதீகம் சொல்லும் அதே கோயில். எங்கள் தூத்துக்குடி பனிமய மாதாவின் பெயர் அங்கிருந்து வந்தது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குக் கோயிலை அடைத்து நிற்கும் கூட்டத்தில், வராதவனுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிற பெண்களும் இருப்பார்கள்.

இதைத் தமிழில் போட முடியுமா என்று யோசிக்கிறேன். முடியாமல் என்ன. எதிர்க்கரை மன்னாரில் புனிதர்களின் கதையை வாசாப்பாகவும் கூத்தாகவும் ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறார்கள். கேரளக் கரையில் சவிட்டு நாடகக்காரர்கள் கார்ல்மான் சக்கரவர்த்தியைத் தமிழ் கலந்த பாட்டிலேயே மேடை ஏற்றினார்கள். அலெக்சியாருக்கும் ஒரு ராத்திரி ஒதுக்கலாம். ஒரே ஒரு சிக்கல் வரும். நம் கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா உள்ளே வந்துவிட முடியாது. முதலில் வரவுப் பாட்டு பாட வேண்டும். நான் இன்னார், இன்னார் மகள், இன்ன ஊர் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் நுழைய வேண்டும்.

அந்த மணப்பெண் வந்து நிற்கும்போது, எழுதுகிறவர் அவளுக்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டியிருக்கும்.