வாகனம் வராத தேயிலைப் பாதை

பயணம் என்றால் எங்களில் பலருக்கு மூட்டை முடிச்சுத்தான் நினைவுக்கு வரும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போனதும் பயணம்தான். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்ததும் பயணம்தான். அந்த நாட்களில் பெண்களுக்குக் கைகொடுத்தது சைக்கிள். எரிபொருள் கிடைக்காத காலத்தில் விறகையும் நெல்மூட்டையையும் நோயாளியையும் பிள்ளைகளையும் அதுவே சுமந்தது. ஆனால் ஒரு தேவையும் இல்லாமல், ஊர் பார்ப்பதற்கென்றே சைக்கிளில் ஏறிய பெண்கள் எங்களில் எத்தனை பேர் இருப்போம்?

இந்தக் கேள்வியோடுதான் நான் மலையகத்தின் தேயிலைப் பாதைகளைப் பற்றி எழுதத் தொடங்குகிறேன்.

கண்டிக்கு அருகில் உள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ஒரு நீண்ட பாதை அண்மைய ஆண்டுகளில் அடையாளமிடப்பட்டிருக்கிறது. அதற்குப் 'பீக்கோ ட்ரெயில்' என்று பெயர். பீக்கோ என்பது தேயிலையின் ஒரு தரத்தைக் குறிக்கும் சொல். 300 கிலோமீற்றருக்கும் கூடிய இப்பாதை 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் இதற்கு நிதியுதவி செய்தன. புண்டுலுஓயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, ஹப்புத்தளை, எல்ல என்று தேயிலை மலைகளுக்குள்ளால் அது வளைந்து போகிறது. முதன்மையாக இது நடப்பதற்கான பாதை. எனினும் பல பகுதிகள் கிறவல் போட்ட தோட்டப் பாதைகள் என்பதால் சைக்கிளிலும் போகலாம். பஸ், லொறி இரைச்சல் அநேகமாக இல்லை.

இப்படியொரு பாதையைப் புதிதாக யாரும் வெட்டவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. மூட்டைகளை மாட்டு வண்டியிலும் குதிரையிலும் கீழே இறக்கப் பாதை தேவைப்பட்டது. ரயில் பாதை 1885இல் நானுஓயாவை எட்டிய பின்னர், தோட்டத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் பாதைகள் முக்கியமாயின. பாரம் ஏற்றிய மாடு செங்குத்தாக ஏறாது. ஆகவே மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல ஏறும் விதமாக அவற்றை வெட்டினார்கள். மலைப் பக்கம் கான், குறுக்கே ஓடும் நீருக்குக் கல்லால் கட்டிய மதகு. அன்று மாட்டுக்காகச் சரிவு குறைத்த அதே பாதைதான் இன்று சைக்கிள் மிதிப்பவருக்கும் தோதாக இருக்கிறது.

வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த கூலிகள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, அந்த நடை உங்கள் ஊர்களுக்கு அருகாகத்தான் சென்றது. மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நூற்றுக்கணக்கானோர் மீண்டும் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

2025 பெப்ரவரியில் நான் வேலை நிமித்தம் ஹற்றனுக்குப் போனேன். கிளிநொச்சியில் எங்கள் மாதர் குழுவில் உள்ள ஓர் அம்மாவும் என்னோடு வந்தார். ஐம்பதைத் தொடும் வயது. 1977 வன்செயலின் பின்னர் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். அப்போது அவர் இரண்டு வயதுக் குழந்தை. பெற்றோர் சொன்ன கதைகளைத் தவிர மலையகம் அவருக்குத் தெரியாது. வேலை முடிந்த மறுநாள் இரண்டு கியர் சைக்கிள்களை இரவல் வாங்கி, நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கமாகப் புறப்பட்டோம்.

ஏற்றங்களில் இறங்கித் தள்ளினோம். இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். கிறவலில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சில்லு வழுக்கும். இரண்டையும் மெதுவாக, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. முப்பது வருடம் வன்னிக் கிறவலில் ஓடியவர் அல்லவா! லயத்து வாசலில் நின்ற சிறுமி ஒருத்தி, "அங்க பாரேன், அம்மாயி சைக்கிள் ஓட்டுறாங்க!" என்று கூவினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அன்று முழுவதும் சைக்கிளில் போகும் வேறொரு பெண்ணை நாங்கள் காணவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே இளைப்பாறினோம். படங்கு கட்டிய ஓர் அக்கா எங்களை விசாரித்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"கிளிநொச்சி. ஆனா எங்க அம்மா, அப்பா இந்த மலைப் பக்கந்தான். செயலில போனவங்க."

"அப்ப நீங்க நம்ம ஆளுதானே! வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

தேத்தண்ணி குடித்தபடி, பாதை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். "வெள்ளைக்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க மிஸ். வாகனம் வராதது அவங்களுக்கு நல்லது. ராத்திரியில புள்ளத்தாச்சிக்கு வலி எடுத்தா எங்களுக்குத் தெரியும். ஆட்டோக்காரன் இந்தப் பாதைக்கு வரமாட்டேங்குறான். பாதி வழிக்குத் தூக்கிட்டுத்தான் போகணும்."

சமூகவியல் வகுப்பில் நான் படித்த பல பாடங்களைவிட அந்த வார்த்தைகள் தெளிவாக இருந்தன. வாகனம் வராத பாதை, போக வேண்டும் என்று விரும்பி வருபவருக்கு நிம்மதி. வேறு பாதை இல்லாதவருக்கு அது தண்டனை. நாளைக்கு 18, 20 கிலோ கொழுந்து என்ற கணக்கை முடிக்கச் சுமையோடு நடக்கும் பெண்ணுக்கு, மலையழகைப் பார்க்க நேரம் ஏது? 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியில் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்குவதும் எளிதாக இருக்கவில்லை.

பொகவந்தலாவையில் சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை உள்ளது. 1879இல் இறந்த, உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் அவர். அவருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அங்கே போகும் பாதையை வெட்டியவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. அவர்களுக்கு அந்தப் பாதையே நினைவுக்கல் என்று அம்மா சொன்னார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவுகளில் உயிர்கள் போயின, ரயில் பாதையும் வீதிகளும் அறுந்தன. வீதி அறுந்தால் தோட்ட மக்களுக்கு மருந்தும் அரிசியும் போய்ச் சேராது என்பதை நாடே பார்த்தது. எனவே பாதைகளைச் சீர்செய்யும்போது, சுற்றுலாப் பயணிக்கு அடையாளப் பலகை நடுவதோடு நின்றுவிடாமல், நோயாளர் வண்டி லயம் வரை வரவும் வழி செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கானும் மதகும் துப்புரவாக இருந்தால் கிறவல் பாதை நிலைக்கும். சைக்கிளும் போகும், வண்டியும் போகும். பாதையோரத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்கும் வருமானம் அங்குள்ள பெண்களின் கைக்கே போய்ச் சேர வேண்டும்.

எங்கள் மாதர் சங்கங்களுக்கு ஒரு யோசனை. வருடத்துக்கு ஒரு தடவை பத்துப் பேராகச் சேர்ந்து மலையகம் போய் வாருங்கள். கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து ஹற்றனுக்கு பஸ் எடுக்கலாம். ஹற்றன் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவ மழை. மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். குளிருக்குக் கம்பளிச் சட்டையும், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், இருட்டுமுன் திரும்புங்கள். வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மலையகத்தில் வேர் உள்ள குடும்பங்கள் வன்னியில் நிறைய உண்டு. உங்கள் பாட்டி கொழுந்து சுமந்து நடந்த மலையை, சுமை ஒன்றும் இல்லாமல் நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். அங்குள்ள அக்காமாரிடம் அவர்களின் குறைகளைக் கேளுங்கள். உங்கள் கதையையும் சொல்லுங்கள். ஓடுவதற்காகவே பாதையில் இறங்கிப் பழகிய எங்களுக்கு, பார்ப்பதற்காகவும் பாதையில் இறங்க உரிமை உண்டு. அந்த உரிமை தேயிலை மலையில் நிற்கும் பெண்ணுக்கும் வர வேண்டும்.