கஞ்சி அண்டா

சேந்தமங்கலம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொல்லிமலை ஒரு சுவர் மாதிரி. பல் விளக்கும்போது எதிரே நிற்பது அதுதான். மழை வருமா என்று பார்ப்பதும் அதன் உச்சியைப் பார்த்துத்தான். அறப்பளீசுவரரைக் கும்பிடப் போகிறவர்களுக்கு அது சாமி மலை, மிளகும் பலாவும் வாங்கி விற்பவர்களுக்கு யாவார மலை. எனக்கு மட்டும் அது சண்டே ஸ்கூல் மலை.

எங்கள் டீச்சரம்மா கதை சொல்லும்போது ஜன்னல் வழியாக மலையைக் கைகாட்டுவார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியை நாங்கள் பார்த்ததில்லை. காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிற வழி எங்களுக்குத் தெரியும். அதனால் நல்ல சமாரியனைவிட ஜெஸ்ஸி பிராண்டு கதைதான் எங்களுக்கு நெருக்கம்.

ஜெஸ்ஸி பிராண்டு, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயர். 1913இல் ஈவ்லினைக் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு மலைக்குக் குடியேறினார். இன்றிருக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அன்று கிடையாது. வாழவந்தியில் வீடு கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். வருஷங்கள் போயின. மலைவாசிகள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர் இவர்களைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு 1918 வந்தது, இன்ஃப்ளுயென்ஸா மலையேறியது. வீடு வீடாக ஜனங்கள் படுத்தார்கள். பிராண்டு ஜெபக்கூடத்துக்கு வெளியே பெரிய அண்டாவை அடுப்பேற்றிக் கஞ்சி காய்ச்சினார். கணவனும் மனைவியும் குதிரையேறிக் கஞ்சியையும் நல்ல தண்ணீரையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது சொந்தச் சனமே கிட்டே வரவில்லை. எதிரி வீட்டுக் கஞ்சிதான் போயிற்று. சாகும்முன் அந்தப் பூசாரி தன் பிள்ளைகளை வளர்க்கச் சொல்லி இவர்கள் கையில் கொடுத்தார். பெண்குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள்.

“கடைசியில யாரு ஜெயிச்சா?” என்று கேட்பார் டீச்சரம்மா. “ஏசப்பா!” என்று கூரை பிய்யக் கத்துவோம். “நீங்க அங்க இருந்திருந்தா கஞ்சி கொண்டு போயிருப்பீங்களா?” எல்லாக் கையும் உயரும். என் கை கொஞ்சம் கூடுதலாகவே உயரும், பெஞ்சின் மேல் ஏறி நின்று தூக்குவேன்.

அந்தக் கதை எனக்குள் கெட ஆரம்பித்தது கல்லூரிக்குப் போனபிறகு. 1918 காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று படித்தேன். உலகப் போரிலிருந்து திரும்பிய படைக் கப்பல்களோடு பம்பாயில் இறங்கி, ரயிலேறி, நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அந்த வருஷம் பருவமழையும் பொய்த்தது. இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்கிறார்கள். முந்தைய கணக்கெடுப்பைவிட ஜனத்தொகை குறைந்துபோனதாக 1921இல் மட்டும்தான் எழுதினார்கள். அண்டாவும் வெள்ளைக்காரர் வழியாக வந்தது, காய்ச்சலும் வெள்ளைக்காரர் கப்பலில் வந்தது. அண்டாவைப் பற்றி மட்டும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. இந்தக் கதையை நமக்குச் சொன்னது பிராண்டு குடும்பம்தான். பூசாரி சொன்ன கதை எதுவும் நம்மிடம் இல்லை. மூச்சு முட்டிக் கிடக்கும் ஒரு தகப்பன், தெரிந்த கதவெல்லாம் சாத்தியிருக்க, திறந்திருந்த ஒரே கதவில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை வெற்றி என்று கத்தியதற்காக இப்போதும் எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கஞ்சி பொய்யில்லை. குதிரையில் போனதும் பொய்யில்லை. மதம் மாற்றப் போனவர்தானே என்று சுளுவாகத் தள்ளிவிட முடியவில்லை. தொற்றும் என்று தெரிந்தும் போயிருக்கிறார்.

2020 மார்ச்சில் கோயில்களையெல்லாம் மூடினார்கள். கோழியில் கொரோனா என்று யாரோ கிளப்பிவிட, நாமக்கல் முட்டை விலை படுத்துவிட்டது. பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. பவனி இல்லை, ஓசன்னா இல்லை. இரவு 9 மணிக்கு நாடே விளக்கை அணைத்து 9 நிமிடம் அகல் ஏற்றியபோது நானும் மெழுகுவர்த்தியோடு மாடியில் நின்றேன். அதே வாரங்களில்தான் எங்கள் சபை வாட்ஸப் குழுவில் 91ஆம் சங்கீதமும், நோய்க்கு இன்னொரு மதத்தின் பெயரைச் சூட்டிய செய்திகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. இரண்டுக்கும் ஆமென் போட்டவர்கள் இருந்தார்கள். நான் இரண்டாவதுக்கு ஆமென் போடவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நோயாளிகளைப் பார்த்துத் தொற்று வாங்கி இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் மறித்தது. கீழ்ப்பாக்கத்தில் முடியாமல் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. கடைசியில் அவருடைய நண்பரான ஒரு டாக்டரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. உடலைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றக் கேட்டு அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். டிவியில் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்: “என்ன சனங்கம்மா இது!” எனக்குக் கல்லெறியத் தெரியாது என்பதில் அன்று ஒரு பெருமிதம் இருந்தது.

அடுத்த வருஷம் மே மாதம் அந்தப் பெருமிதம் இறங்கியது. இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் நிரம்பி, சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்டுக்கொண்டிருந்த நேரம். எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல், அன்று காலை மூச்சு வாங்கியது. மகன் பெங்களூரில். டாக்ஸி வந்துவிட்டது. டிரைவர் வண்டி ஓட்டுவார், ஆளைத் தொட மாட்டார். வீடு மாடியில். அக்கா முகத்தில் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றார்.

“கண்ணு, ஒரு கை புடிச்சீங்கன்னா எறக்கிப்போடலாம்.”

என் வீட்டிலும் 78 வயது அம்மா. அது உண்மையான காரணம்தான். “ஆள் அனுப்பறனுங்க்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூன்று பேருக்குப் போன் செய்தேன், மூன்று பேருக்கும் வீட்டில் அம்மா இருந்தார். ஜன்னல் வலை வழியாகப் பார்த்தால், அக்காவே இறக்கிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்தபடி படிப்படியாகச் சறுக்க, அக்கா பின்னாலிருந்து இரண்டு அக்குளையும் தாங்கிக்கொண்டு. பதினாலு படி. எட்டாவது படியில் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா வந்து நின்ற இடத்துக்கு நேராக என் கதவில் 91ஆம் சங்கீதம் ஒட்டியிருந்தது. கொள்ளைநோய் உன் வீட்டை அண்டாது என்று உறுதி தரும் சங்கீதம். அதை நிறைவேற்றும் வேலையைக் கடவுளிடம் விடாமல் நானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அந்த இரவுகளில் ஜெபம் வரவில்லை. பிராண்டின் மகன் பால்தான் அடிக்கடி ஞாபகம் வந்தான். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவைசெய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு. 1914இல் இந்த மலைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929 ஜூனில் அப்பா மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார் என்று தந்தி வந்தது. அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, கப்பல் தபால் அல்லவா. செத்தவர் மரங்களைப் பற்றியும் மலையைப் பற்றியும் எழுதிக்கொண்டே இருந்தார். பதினாலு வயசுப் பையன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்திருக்கிறான். வேதாகமத்தைத் திறந்தால் எனக்கு அப்படித்தான் இருந்தது. கையெழுத்து தெரிந்த கையெழுத்துதான், எழுதியவர் இருக்கிறாரா என்றுதான் தெரியவில்லை.

பதினாறு நாள் கழித்து அக்காவின் கணவர் இரும்பாலையிலிருந்து திரும்பி வந்தார், நடந்தே படியேறினார். மறுநாள் காலை நான் கேட்டைத் திறக்கும்போது அக்கா மாடியிலிருந்து கூப்பிட்டார். ஓடிவிடலாமா என்றிருந்தது.

“கண்ணு, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே? அன்னிக்கு அவசரத்துல நான்பாட்டுக்கு உங்க வாசல்ல வந்து நின்னுட்டேன். ஒட்டிவுட்டுட்டனோ ஒட்டிவுட்டுட்டனோன்னு அங்க இருந்த நாளெல்லாம் பதறிக்கிட்டே கெடந்தேன்.”

“ஒண்ணும் ஆகலீங்க்கா” என்றேன். ஆள் தேடிப் போன் செய்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். “இருங்க கண்ணு, அவருக்குக் கஞ்சி வெச்சிருக்கேன், பொங்கிரும்” என்று உள்ளே போய்விட்டார்.