பதம்

பட்டறையில் ‘பதம் வைக்கிறது’ என்றால் இரும்பைக் கெட்டியாக்குவது. சிவக்கக் காய்ச்சி முக்கினால்தான் உளி உளியாகும். உலோகவியல் படித்த எனக்குப் பிடித்த விஷயமே, இதற்கு நேர் எதிராகப் போகும் ஓர் உலோகக் கலவைதான்.

மன்னார்புரத்தில் நான் அடிக்கடி போய் உட்காரும் லேத் பட்டறை ஒன்று உண்டு. அந்த அண்ணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் தொழில் பழகியவர். கரும்பு மெஷினுக்கு கன்மெட்டல் புஷ் கடைந்து கொடுப்பதில் இப்போது அவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. செம்பு விலை அப்படி. “துத்தநாகத்துல புஷ் போடலாமாமே தம்பி?” என்றார்.

போடலாம். இசட்.ஏ-27 என்று பெயர். நூற்றுக்கு 27 பங்கு அலுமினியம், 2 பங்கு செம்பு, துளி மக்னீசியம், மீதி துத்தநாகம். வார்த்தபடியே பார்த்தால் பாகு சரியாகச் சேராத பொரி உருண்டைதான். அலுமினியம் மிகுந்த கிளைகள் ஓரிடம், அவற்றின் இடுக்கில் துத்தநாகம். கெட்டிதான், ஆனால் தேய்க்கத் தேய்க்க அந்த எல்லைகளில் விரிசல் விட்டுச் செதில் செதிலாக உதிரும்.

இதை 370 டிகிரியில் சில மணி நேரம் வைத்துத் தண்ணீரில் முக்கினால் உள்ளே எல்லாம் சீராகப் பரவுகிறது. கடினம் குறைகிறது, இழுவலிமையும் குறைகிறது. ஆனால் உராய்வுச் சோதனைகளில் தேய்மானமும் குறைந்திருக்கிறது! இழுபடும் தன்மை கூடியதால் விரிசல் எளிதில் ஓடுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், 375-ஐ ஒட்டியே இது உருகத் தொடங்கிவிடும். அண்ணன் நிறம் பார்த்தே சூடு சொல்கிறவர். இதுவோ, முழுசாக உருகி ஓடும்போதுகூட (484 டிகிரி) சிவக்காது. கண் அனுபவம் முழுக்க வீண். வெப்பமானி வைத்த மின் உலை வேண்டும்.

அவர் கவலை வேறு. “கரும்பு மெஷின்காரன் எங்க தம்பி எண்ணெய் விடுறான்?”

நியாயம். எண்ணெய் வற்றினால் புஷ் சூடாகும். நூறு டிகிரியைத் தாண்டினால் இந்தக் கலவையின் வலு சரசரவென்று இறங்கும். கன்மெட்டல் அந்தச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றி, பாரம் தாங்கி, எண்ணெயும் தவறாமல் கிடைக்கிற இடத்துக்குத்தான் இது. முதலில் மாவு மில் ஒன்றில் ஒரு ஜோடி போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், காசு வாங்காமல்.