கொடுமணல் கல்லறைகள்

காங்கேயத்துக்குக் காளைகளை விலைபேச வருவோர் பலர். அவ்வூருக்கு வடக்கே, நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலைக் காண வருவோர் மிகச் சிலரே. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளைக் கடந்து நாம் அங்கே சென்றபோது, முதலில் கண்ணுக்குத் தென்பட்டவை வட்டமாய்க் கிடந்த பாறாங்கற்களே. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு கல்லறை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர் பிறரும் இவ்விடத்தில் அகழ்ந்து ஆராய்ந்தனர். பெரிய கற்பலகைகளை நிலத்தினுள் நிறுத்தி, ஒன்றை மற்றொன்று தாங்குமாறு பொருத்தி அறை அமைத்திருக்கின்றனர். ஒரு பலகையில் துளையொன்று உண்டு. அறைக்குள்ளும் வெளியிலும் மட்கலங்கள், இரும்பு வாள்கள், மணிகள் ஆகியவற்றைப் படைத்திருக்கின்றனர். ஒரே குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன!

அக்கல் கொங்கு நாட்டில் விளைவதன்று. கூர்ஜரம் போன்ற தொலைதேசங்களிலிருந்து வந்திருத்தல் வேண்டும். கடல்நீர் நிறமுள்ள பெரில் கல்லோ, காங்கேயத்தை அடுத்த படியூரிலேயே கிடைப்பது. பக்கத்துக் குடியிருப்பு மேட்டில் அரைகுறையாய்த் தீட்டிய மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளும், ‘கண்ணன் ஆதன்’ முதலிய பெயர்கள் பொறித்த ஓடுகளும் அகப்பட்டன. ஆகவே, தாம் உழைத்துச் செய்தவற்றையும் அரிதில் தேடியவற்றையும் இறந்தோருடன் அனுப்பினர் என்று கொள்ளலாம். பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து.

மெக்ஸிகோ தேசத்தின் தியோத்திவாக்கான் நகரிலும் ஒரு பிரமிடின் அடியில் இத்தகைய குழிகளைத் தோண்டினர். அங்கே கிடந்தவர்களோ, அக்கட்டடத்துக்கென்றே பலியிடப்பட்டவர்கள், நூற்றுக்கு மேற்பட்டோர். அங்கே கட்டடத்துக்காக மனிதர்; இங்கே மனிதருக்காகக் கட்டடம். இவ்வேற்றுமையை நமக்கு அறிவித்தது புதையலன்று. எலும்பும் கலமும் கல்லும் கிடந்த கிடக்கையே.

அதனாலேதான் ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் நாட்டில் பல கல்வட்டங்கள், நிலம் திருத்தும்போது பெயர்க்கப்பட்டுச் சுவருக்கும் வாயிற்படிக்கும் போய்விட்டன. பெயர்த்த கல் வெறுங்கல். இருந்த இடத்தில் இருக்கும் கல்லோ சாசனம். உங்கள் ஊர்க்காட்டில் இத்தகைய வட்டம் ஒன்றிருந்தால், நேயர்களே, குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஒரு கல்லையும் அசைக்காமல் திரும்புங்கள்.